நாட்டின் டிஜிட்டல் திறனும் நம்ம சேலத்துப் பிள்ளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் என் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஒரு கணினி வகுப்பு நடக்கிறது. ஏழு பழைய கணினிகள், இருபது இருபத்தைந்து பிள்ளைகள். பெரும்பாலும் அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி, ஐ.டி.ஐ. பிள்ளைகள். கட்டணம் கிடையாது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்கள் மாடிப்படியில் நின்று கேட்பதும், செவ்வாய்ப்பேட்டை, இளம்பிள்ளைப் பக்கம் தொழில் நடத்துகிறவர்கள் கேட்பதும், பிள்ளைகளே கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். படியில் நின்று அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

‘டிஜிட்டல் திறன்’னு எல்லாரும் சொல்றாங்க. எம்.எஸ். ஆபீஸ் கத்துக்கிட்டா போதுங்களா?

ஆரம்பத்துக்குப் போதும். அதோடு நின்றுவிடக் கூடாது.

போனில் பணம் அனுப்புவது, சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, மின்னஞ்சல் எழுதுவது இவையெல்லாம் முதல் படி. மத்திய அரசு 2017-இல் கிராமப்புறத்துக்கென்றே ஒரு டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் கொண்டுவந்தது. ஆறு கோடி வீடுகளில் வீட்டுக்கு ஒருவர் என்பது இலக்கு, 20 மணி நேரப் பயிற்சி. 2024 மார்ச்சோடு அது முடிந்தது. அந்த 20 மணி நேரம் கற்றுக்கொடுத்தது இந்த முதல் படியைத்தான்.

இரண்டாவது படி, நம் சொந்த வேலைக்குக் கணினியைப் பயன்படுத்துவது. மூன்றாவது படி, நம் வேலைக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வது. முதல் படியோடு நின்றுவிட்ட நாடு, அடுத்தவர்கள் செய்து விற்பதை வாங்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும்போது வகுப்புக்கு வந்தாள். அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளியை எடை போட்டு வேலையாட்களிடம் கொடுப்பார்; கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை போடுவார்; சேதாரம் போக கூலி. எல்லாம் நீள நோட்டில், பென்சிலில். அந்த நோட்டை அவள் கணினியில் ஒரு விரிதாளாக, எக்செல் மாதிரி, மாற்றினாள். முதல் வாரம் சேதாரம் மைனஸில் போனது! கொடுத்த வெள்ளியைக் கிலோவிலும் வந்த கொலுசைக் கிராமிலும் போட்டிருந்தாள். அழுதாள், பிறகு உட்கார்ந்து திருத்தினாள். இரண்டு மாதக் கணக்கு சேர்ந்ததும் எந்த மாடலில் சேதாரம் அதிகம் என்று தனியாகத் தெரிந்தது. முப்பது வருடமாக அந்தத் தொழிலில் இருக்கும் அவள் அப்பாவுக்கு அது புதுத் தகவல். அவர் அந்த மாடலின் கூலியைப் பேசி மாற்றினார். அவள் ஒரு வரி நிரல் (புரோகிராம்) எழுதவில்லை. ஆனாலும் இரண்டாவது படியைத் தாண்டி மூன்றாவதில் ஒரு காலை வைத்துவிட்டாள் என்றுதான் நான் சொல்வேன்.

இதெல்லாம் சென்னை, பெங்களூர் ஆளுங்க விஷயம். நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

என் அப்பா அட்டை அடித்தவர். சேலையில் உருவங்களை நெய்யும் ஜக்கார்டு தறிக்குத் துளை போட்ட அட்டை. டிசைன்காரர் கட்டம் போட்ட தாளில் புட்டாவை வரைந்து கொடுப்பார். ஒவ்வொரு கட்டமும் பாவு நூலும் (நீள நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) சந்திக்கும் ஓர் இடம். எந்த இடத்தில் பாவு மேலே தூக்க வேண்டுமோ அங்கே அட்டையில் ஒரு துளை. தூக்க வேண்டாத இடத்தில் துளை இல்லை. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அடித்த அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்து, சங்கிலி மாதிரி தறிக்கு மேலே பெட்டியில் மாட்டுவார்கள். நெசவாளி மிதியை மிதித்தால் ஓர் அட்டை நகரும். துளை இருக்கும் இடத்துக் கொக்கி மட்டும் நூலைத் தூக்கும். முந்தியில் ஒரு மயில் வர வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான அட்டைகள் வேண்டும். ஒரே ஓர் அட்டை இடம் மாறினாலும் மயிலின் கழுத்தில் ஒரு கோடு விழும். அப்பா ராத்திரி பத்து மணிக்கு விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு அந்த ஓர் அட்டையைத் தேடுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பின்னாளில் நான் நிரல் எழுதி, அதில் பிழை தேடியபோது செய்ததும் அதே வேலைதான்.

பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு இந்த முறையை 1804-இல் கொண்டுவந்தார். அதே துளை அட்டையைத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தன் கணக்கிடும் இயந்திரத்துக்குப் பயன்படுத்தத் திட்டமிட்டார். அமெரிக்காவில் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹோலரித் துளை அட்டைகளை வைத்துத்தான் எண்ணி முடித்தார். கணினியின் வம்சாவளியில் தறி இருக்கிறது. துளை உண்டு, துளை இல்லை, ஒன்று, பூஜ்ஜியம். அந்தக் கணக்கு இந்த ஊர்க்காரர்களின் கைக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கம். இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960-இலிருந்து இதே சேலத்தில் இருக்கிறது. இன்று எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது. அட்டைக்குப் பதில் டிசைன் ஒரு கோப்பாகப் போகிறது. அந்தக் கோப்பைச் செய்யும் மென்பொருளை நம் இளம்பிள்ளைப் பையன்கள் பயன்படுத்துகிறார்கள். அதை எழுதும் பையனும் பெண்ணும் இங்கிருந்தே வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தறியும் கொலுசும் மட்டுமில்லை. ஜவ்வரிசி ஆலைகள், அவற்றின் சேகோசர்வ் கூட்டுறவு, இரும்பாலை, ஏற்காட்டுக் காப்பி, மாம்பழம் என்று ஒவ்வொன்றிலும் அளக்க வேண்டியது, எண்ண வேண்டியது, தரம் பிரிக்க வேண்டியது ஏராளம். புதுமை செய்ய என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் அவர்களைச் செவ்வாய்ப்பேட்டை மார்க்கெட்டுக்கு அனுப்பிவைக்கிறேன்.

ஒரு நாடு முழுசா இப்படி மாற முடியுமா? எங்கேயாவது நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. எஸ்தோனியா சோவியத்திலிருந்து 1991-இல் பிரிந்த சிறிய நாடு. மக்கள்தொகை சுமார் 13 லட்சம். நம் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகையே 2011 கணக்குப்படி 34.8 லட்சம். கையில் அதிகம் காசில்லாத அந்த நாடு 1996-இல் ‘புலிப் பாய்ச்சல்’ என்று ஒரு திட்டம் தொடங்கி, பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் கொடுத்தது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. இணையம் வழியாகப் பேச 2003-இல் வந்த ஸ்கைப் மென்பொருளை எழுதியவர்கள் எஸ்தோனியர்கள். 2005-இல் இணையத்தில் வாக்களிக்கும் முறையையும் கொண்டுவந்துவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். கேரளம் 2001-இல் பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கியது. பின்னாளில் அதை, யாரும் இலவசமாகப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2018-இலிருந்து ‘லிட்டில் கைட்ஸ்’ என்று பல பள்ளிகளில் மாணவர் கணினி மன்றம். ஆய்வகக் கருவிகளைப் பராமரிப்பதிலும் அந்தப் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. போனில் பணம் அனுப்பும் யு.பி.ஐ. 2016-இல் வந்தது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. ஒரு முழம் மல்லிகைக்கும் க்யூ.ஆர். அட்டையைக் காட்டுகிறார்கள். அதைக் கட்டியவர்கள் நம் பொறியாளர்கள். நம்மால் முடியுமா என்று இன்னும் யாராவது கேட்டால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வீட்ல லேப்டாப் இல்ல. போன் மட்டும்தான். அதுல கத்துக்க முடியுமா?

முடியும், ஓரளவு. பைத்தான் என்ற நிரல் மொழியை ஆண்ட்ராய்டு போனிலேயே எழுதி ஓட்டச் செயலிகள் இருக்கின்றன. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமில்லாமலும் ஓடும். எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று மாதம் போனிலேயே படித்தான். ஆனால் கட்டைவிரலால் நிரல் எழுதுவது கஷ்டம். அடைப்புக்குறி ஒன்று போட மூன்று தட்டு. ஓ.டி.ஜி. என்று ஒரு சின்ன இணைப்பான் விற்கிறார்கள், நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதை மாட்டி ஒரு பழைய கீபோர்டைச் செருகுங்கள். பாதிக் கஷ்டம் போய்விடும்.

பழைய லேப்டாப் வாங்குவதானால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பயன்படுத்துங்கள். எங்கள் மாடியில் இருப்பவை எல்லாம் ஓர் அலுவலகம் கழித்துப் போட்டவை. விண்டோஸில் மூச்சு வாங்கியவை லினக்ஸில் நன்றாக ஓடுகின்றன.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் பல வீடுகளில் முதல் கணினியைக் கொண்டுவந்தது. பிறகு கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உங்கள் வீட்டுக்குக் கிடைத்தால் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் வராது. எனக்கு இது சரிப்படுமா அக்கா?

சரிப்படும்மா. நானும் தமிழ் மீடியம்தான்.

நிரல் எழுதத் தேவைப்படும் ஆங்கிலச் சொற்கள் ஐம்பதுக்குள். அவற்றைச் சொற்களாக நினைக்காதே, பட்டன்களாக நினை. யோசிப்பது தமிழிலேயே நடக்கட்டும். தமிழிலேயே நிரல் எழுதும் ‘எழில்’ என்ற மொழியும் இருக்கிறது. திரையில் எதையாவது காட்ட வேண்டுமா? பதிப்பி "வணக்கம்" என்று எழுதினால் போதும். புதுப் பிள்ளைகளுக்கு நான் முதல் இரண்டு வாரம் அதைத்தான் கொடுக்கிறேன். கணினி நம் மொழியில் பதில் சொல்வதைப் பார்த்ததும் முகத்தில் ஒரு பயம் விலகுவது தெரியும்.

கணினியில் தமிழ் தட்டவும் கற்றுக்கொள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் முடிவான ‘தமிழ் 99’ விசைப்பலகையைப் பழகு. உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில். ‘அக்கா’ என்று அடிக்க நான்கு தட்டு: அ, க, க, ஆ. புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவதைவிட வேகமானது. ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு விரல் தானாக ஓடும்.

கூடவே தினமும் பத்து வரி ஆங்கிலம் படி. வேலைக்குப் போகும்போது வேண்டும். அதை மறைத்துச் சொன்னால் உனக்கு நான் செய்யும் துரோகம்.

இலவசமா எங்கே படிக்கலாம்?

பணம் கட்டுவதற்கு முன்பு இவற்றைப் பாருங்கள். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டெல் பாடங்கள், சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். 2017-இல் வந்த மத்திய அரசின் ஸ்வயம் இணையப் பாடத் தளம். மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுட்டோரியல்’. பத்துப் பன்னிரண்டு நிமிடக் காணொளிகள், தமிழ்க் குரலிலும் உண்டு. தனியாக உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்குத் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச்சிலிருந்து இருக்கிறது. உங்கள் கல்லூரியிலேயே அதற்கு ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், தேடிப்போய்க் கேளுங்கள்.

“மூணு மாசக் கோர்ஸ், வேலை கேரண்டி”ன்னு சொல்றாங்களே, சேரலாமா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், மன்னிக்கவும்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து ஒரு பயிற்சி மையத்தில் அறுபதாயிரம் கட்டினார். ஊர் பேர், மையத்தின் பேர் வேண்டாம். பாடம் நடத்தியவர் போன வருடம் அங்கேயே படித்து முடித்த பையன். காட்டிய காணொளிகள் யூடியூபில் இலவசமாகக் கிடைப்பவை. மூன்று மாதம் முடிந்ததும் ‘பிளேஸ்மென்ட்’ என்று சொல்லி ஒரு போன் நம்பரைக் கொடுத்தார்கள். அந்த நம்பரில் கேட்டது பத்தாயிரம் டெபாசிட். சங்கிலி இன்னும் மீளவில்லை.

சேர்வதற்கு முன் நேரில் போய்க் கேளுங்கள். நடத்துவது யார், எங்கே வேலை பார்த்தவர்? போன வருடம் முடித்தவர்கள் செய்த வேலை ஒன்றைக் காட்ட முடியுமா? வேலை உத்தரவாதம் என்பது வேலையா, நேர்முகத் தேர்வுக்கு அனுப்புவது மட்டுமா? நின்றுவிட்டால் பணம் எவ்வளவு திரும்பும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித்தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ரசீதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம்; மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். வெட்கப்பட வேண்டியது ஏமாந்தவர்கள் இல்லை.

ஏ.ஐ. வந்துருச்சு. இனி நிரல் எழுதக் கத்துக்கிறது வீண்தானே?

வீண் இல்லை. செயற்கை நுண்ணறிவை வைத்து முன்பைவிட வேகமாகச் செய்யலாம், முன்பைவிட வேகமாகத் தப்பும் செய்யலாம். எங்கள் பையன் ஒருவன் ஒரு கொலுசுக் கடைக்குப் பில் போடும் நிரலை ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கினான். ஐந்து நிமிடத்தில் அழகாக வந்தது. வெள்ளி நகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று போட்டிருந்தது. சரியான விகிதம் 3 சதவீதம். நிரலைத் திறந்து படிக்க அவனுக்குத் தெரியாததால் எங்கே மாற்றுவது என்று தெரியவில்லை. கண்டுபிடித்தவர் கல்லாவில் உட்கார்ந்திருந்த தாத்தா.

தொழில் தெரிந்த தாத்தாவும் நிரல் தெரிந்த பேரனும் சேர்ந்தால் ஏ.ஐ. நல்ல வேலையாள்.

இன்னொன்று. ஏ.ஐ.க்கு நம் பேச்சு இன்னும் சரியாகப் புரிவதில்லை. ‘வாங்கோணும்’ என்று எடப்பாடிக்காரர் சொன்னால் தடுமாறுகிறது. ‘பாஷினி’ என்று இந்திய மொழிகளுக்காக மத்திய அரசு 2022-இல் ஒரு திட்டம் தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏ.ஐ.4பாரத்’ குழுவும் உழைக்கிறது. கணினிக்கு மனிதப் பேச்சைப் பழக்கக் குரல் சேர்க்கும் மொசில்லா அமைப்பின் ‘காமன் வாய்ஸ்’ தளத்தில் யார் வேண்டுமானாலும் தமிழ் வாக்கியங்களைப் படித்துக் குரல் கொடுக்கலாம். எங்கள் பிள்ளைகள் பாட்டிகளையும் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதுவும் நாட்டுக்குச் செய்யும் தொழில்நுட்பப் பணிதான்.

ஏற்காட்டு மலைக்கிராமப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எப்படிங்க? டவரே கிடைக்காதே!

நியாயமான கேள்வி. ஏற்காடு என்றால் ஏரியும் ஒண்டிக்கடைச் சந்திப்பும் மட்டும் நினைவுக்கு வருகிறது நமக்கு. அதைச் சுற்றி 67 மலைக்கிராமங்கள். ஒரு திருப்பத்தில் சிக்னல் இருக்கும், அடுத்த திருப்பத்தில் இருக்காது. ஊரடங்கு நேரத்தில் பாறை மேல் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்ட பிள்ளைகளை நான் பார்த்தேன்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழையில் இணைய இணைப்பு கொடுப்பது மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. இங்கே அதைச் செய்வது டான்ஃபிநெட் நிறுவனம். ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்துவிட்டாலும் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, காப்பித் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் பள்ளிக்கு அது போய்ச் சேர வேண்டும். அந்தக் கடைசி ஐந்து கிலோமீட்டரைப் பற்றி உங்கள் கிராமசபையில் எழுந்து கேளுங்கள், தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அதுவரை கையைக் கட்டி உட்கார வேண்டாம். இணையமில்லாமல் நடத்த வழி உண்டு. உள்ளங்கையளவு ராஸ்ப்பெர்ரி பை கணினி ஒன்றில் தமிழ் விக்கிப்பீடியாவையும் பாடக் காணொளிகளையும் ஏற்றி, அதையே ஒரு சின்ன வைஃபையாக மாற்றி வைத்துவிட்டால் வகுப்பிலுள்ள எல்லாப் போனும் அதில் சேர்ந்து படிக்கலாம். வெளி இணையம் தேவையே இல்லை. சேலத்தில் நிரப்பி, பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றி, மாதம் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு வருகிறோம்.

அங்கே ஒரு பையன் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். அவன் குடும்பம் இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி, கேரளத்து மலையாளி இல்லை. கொஞ்சம் காப்பி, மிளகு. பழத்தைத் தோல் நீக்கிக் கழுவிய காப்பிக் கொட்டையைக் களத்தில் காயவைத்து, ஈரம் சுமார் 10, 11 சதவீதத்துக்கு வர வேண்டும். நடுவில் மூடுபனி இறங்கிவிட்டால் பூசணம், விலை போய்விடும். ஐந்நூறு ரூபாய்ச் சுமாருக்குக் கிடைக்கும் சின்னச் சில்லுப் பலகையோடு ஒரு ஈரப்பத உணரியை இணைத்து, காற்றில் ஈரம் ஏறினால் மணி அடிக்கும்படி செய்தான். மணி அடித்தால் அம்மா ஓடிவந்து தார்ப்பாய் மூடுவார். முதல் வாரம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஏற்காட்டுக் காற்று அப்படி! எந்த அளவில் அடிக்க வேண்டும் என்று இருபது நாள் எழுதி வைத்துப் பார்த்துச் சரிசெய்தான். பிறகு என்னிடம் வந்து, “அக்கா, இது காத்தோட ஈரத்தத்தான் அளக்குது, கொட்டையோட ஈரத்த அளக்கல. அதுக்கு வேற வழி பாக்கணும்” என்றான். பதினைந்து வயது. ஆராய்ச்சி என்பது இப்படித்தான் தொடங்கும்.

பொண்ணத் தனியா கம்ப்யூட்டர் கிளாஸுக்கு அனுப்பப் பயமா இருக்குங்க.

பயம் புரிகிறது. கூடவே வாருங்கள், நீங்களும் உட்காருங்கள். எங்கள் மாடியில் அம்மாக்களுக்கு ஒரு பெஞ்சு போட்டிருக்கிறேன். அதில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா இப்போது மகளிர் குழுக் கணக்கைத் தானே கணினியில் போடுகிறார். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண், மேற்படிப்பு சேர்ந்தால் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். பையன்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’. அந்த ஆயிரத்தை இணையத்துக்கும் பஸ் செலவுக்கும் ஒதுக்குங்கள்.

பையன் ஐ.டி.ஐ. ஃபிட்டர். அவனுக்கு இதுல என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை ரூ.2,877 கோடியில் ‘தொழில் 4.0’ மையங்களாக மாற்றியது. ரோபோ வெல்டிங், கணினி சொல்கிறபடி உலோகம் வெட்டும் சி.என்.சி., முப்பரிமாண அச்சு எல்லாம் அதில் வருகின்றன. கொலுசுக்கு டை வெட்டுவதே இன்று சி.என்.சி.யில்தான். உலோகம் தெரிந்த கை கணினியில் வரையவும் கற்றுக்கொண்டால் அவனை விட்டுவிட யாருக்கும் மனசு வராது.

சொந்தமா ஒண்ணு செஞ்சு விக்கணும்னா யார பாக்கணும்?

முதலில் வாங்கப்போகிறவரைப் பாருங்கள். பத்துப் பட்டறை ஏறி இறங்கிவிட்டு, இரண்டு பேராவது காசு கொடுத்து வாங்கத் தயார் என்ற பிறகு அரசு நிதியைத் தேடுங்கள். தமிழக அரசின் ‘ஸ்டார்ட்அப் டி.என்.’ அமைப்பு தரும் ‘டான்சீட்’ நிதி மூலம் ஆரம்பநிலை நிறுவனத்துக்கு 10 லட்சம் வரை, பெண்கள் நடத்துவதற்கு 15 லட்சம் வரை கிடைக்கும். எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்குத் தனி நிதி உண்டு. உட்கார இடம் வேண்டுமென்றால் கருப்பூரில் 2024 செப்டம்பரில் திறந்த டைடல் நியோ ஐ.டி. பூங்கா இருக்கிறது, 55,000 சதுர அடி. ஜாகீர் அம்மாபாளையத்தில் தமிழக அரசின் எல்காட் ஐ.டி. வளாகமும் இருக்கிறது.

படிச்சு முடிச்சா எல்லாரும் பெங்களூர்தான் போறாங்க. ஊருக்கு என்ன லாபம்?

போகட்டும். நாலு மணி நேரப் பயணம். உலகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு வரட்டும். ஆனால் திரும்பி வர ஒரு காரணத்தை நாம் வைத்திருக்க வேண்டும். ஸோஹோ நிறுவனம் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்து, உலகம் முழுக்க விற்கும் மென்பொருளை அங்கிருந்தே எழுதுகிறது. கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளையும் எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலை தருகிறது. தென்காசியில் முடிந்தது சேலத்தில் ஏன் முடியாது? ரயில் இருக்கிறது, விமானம் இருக்கிறது, கருப்பூரிலேயே 1966-இலிருந்து அரசு பொறியியல் கல்லூரியும், 1997-இலிருந்து பெரியார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. குறைவது இங்குள்ள தொழில்காரர்களுக்கும் அந்த மாணவர்களுக்கும் இடையில் பேச்சு. கடைசி ஆண்டு புராஜெக்டை ரெடிமேடாகக் காசு கொடுத்து வாங்குகிற பழக்கம் ஒழிந்து, ஒரு ஜவ்வரிசி ஆலையின் ஒரு பிரச்சினையைப் பிடித்துச் செய்தால் போதும், நிலைமை மாறிவிடும்.

அரசு இன்னும் என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?

பெரிய தொகைகள் அறிவிக்கப்படுகின்றன, மகிழ்ச்சி. இந்தியா ஏ.ஐ. திட்டத்துக்கு 2024-இல் ரூ.10,372 கோடி ஒப்புதல் ஆனது. ஆனால் ஆராய்ச்சிக்கு நாடு செலவழிப்பது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் என்று 2020-21 கணக்கு சொல்கிறது. அது ஏற வேண்டும்.

அதைவிட எனக்கு உறுத்துவது சின்ன விஷயம். நான் போன ஒரு பள்ளியில் நல்ல கணினி ஆய்வகம். கதவில் பூட்டு. சாவி தலைமையாசிரியர் மேசையில். “எதாச்சும் உடைஞ்சா நான் பதில் சொல்லணும்மா” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உடைந்தால் மாற்ற அவரிடம் காசு இல்லை, ஆள் இல்லை. பள்ளிக்கு ஒரு கணினி ஆசிரியர், பழுது பார்க்க ஒரு சிறு தொகை, உடைந்தால் யாரையும் தண்டிக்க மாட்டோம் என்று ஓர் எழுத்துபூர்வ உத்தரவு, சனிக்கிழமையும் திறந்திருக்கும் கதவு. இந்த நான்கையும் கேட்டுப் பெற்றோர் மனு கொடுக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் இருக்கிறது. அங்கே பேசுங்கள்.

ஆன்லைன்ல ஏமாத்துறாங்களே, அதுக்குப் பயந்தே தொடலைங்க.

ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். வீடியோ காலில் போலீஸ் யாரையும் கைது செய்வதில்லை. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. இதை அச்சடித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டுங்கள்.

உங்க வகுப்புக்கு வர என்ன கொண்டு வரணும்?

ஒரு நோட்டும் பென்சிலும். லேப்டாப் வேண்டாம். முதல் நாள் கணினியைத் தொட மாட்டோம். அப்பா அடித்த பழைய அட்டைச் சங்கிலி ஒன்று சுவரில் தொங்குகிறது, அதை எடுத்துக் கட்டத்தாளில் ஒரு பூவை வரைந்து, எங்கே துளை என்று குறிப்போம். காலை பத்து மணிக்குத் தொடங்கி, ஒரு மணிக்குத் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு முடிப்போம். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். சின்னப் பிள்ளைகள் கழற்றிப் பார்ப்பதற்கென்றே இரண்டு ஓடாத கீபோர்டும் ஒரு ஸ்குரூ டிரைவரும் மூலையில் வைத்திருக்கிறேன்.